கைமாறிய கடை

"சும்மாதானே நிக்கிறீங்க, கையை நீட்டுங்க சார்," என்றார் நர்ஸம்மா.

வெள்ளைச் சட்டைக்காரர் சும்மா நிற்கவில்லை. பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார், பத்துக்கு வந்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியம். அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் கையில் ஆறு புத்தகங்கள் வந்து உட்கார்ந்துவிட்டன.

அந்தப் பக்கம் நின்ற தையற்காரர் அவற்றை வாங்கிக்கொண்டார். இந்தப் பக்கம் நர்ஸம்மா அடுத்த ஆறை வைத்தார்.

புத்தகக் கடை இடம் மாறிக்கொண்டிருந்தது. பழைய கடை வாசலில் தொடங்கிய வரிசை மருந்துக் கடையைத் தாண்டி, முனையில் திரும்பி, அடுத்த தெருவில் இருந்த புதுக் கடை வரைக்கும் போனது. லாரியெல்லாம் எதற்கு, நாங்களே கொண்டுபோய் வைக்கிறோம் என்று வாசகர்கள் சொல்லிவிட்டார்களாம். நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். வங்கி மேலாளருக்குப் பக்கத்தில் பிளம்பர் நின்றார். ஒரு பெண், தன் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். குழந்தை தூங்கிவிட்டது.

நழுவிவிடலாமா என்று வெள்ளைச் சட்டைக்காரர் பார்த்தார். அவர் நகர்ந்தால் வரிசையில் ஓட்டை விழும். நூறு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

நின்றார்.

நர்ஸம்மாவுக்குக் கை வேலை செய்தால் வாயும் கூடவே வேலை செய்தாக வேண்டும். ஒரு தடவை புத்தகத்தின் பெயரும் தெரியாமல், எழுதியது யாரென்றும் தெரியாமல், நீல அட்டை, நடுவில் ஒரு குதிரை செத்துப்போகும் என்று மட்டும் சொல்லிக் கேட்டாராம். கடைக்காரம்மா சிரிக்கவில்லையாம். குதிரை என்ன நிறம் என்று கேட்டாராம். மூன்றாம் நாள் புத்தகம் வந்துவிட்டது.

தையற்காரர் கதை வேறு. தலையணை மாதிரி ஒரு நாவலை ஆசையாகத் தூக்கிக்கொண்டு போனவரிடம், "இது உங்களுக்குப் பிடிக்காதுண்ணே, இருநூறு பக்கத்துக்கு அவன் யோசிச்சுக்கிட்டே இருப்பான்," என்று சொல்லிக் கடைக்காரம்மா பிடுங்கி வைத்துவிட்டாராம். எடுத்த பொருளை விற்க மாட்டேன் என்று சொல்லும் கடையை வேறு எங்கேயாவது பார்த்ததுண்டா என்று அவர் பெருமையாகக் கேட்டார். ஏதோ அவரே நடத்துகிற கடை போல.

"இப்படி ஒரு கடையைக் காலி பண்ணச் சொல்ல அந்த பில்டிங் ஓனருக்கு எப்படித்தான் மனசு வந்துச்சோ," என்றார் நர்ஸம்மா. "செல்போன் கடைக்கு விடப்போறானாம். அவன் ஜென்மத்துல ஒரு புத்தகத்தைத் தொட்டிருப்பானா?"

வெள்ளைச் சட்டைக்காரர் கையிலிருந்த ஆறு புத்தகங்களையும் பார்த்தார். "ம்," என்றார்.

அந்த ஆள் மட்டும் தன்னிடம் பேன்ட் தைக்க வந்தால் எந்த இடத்தில் பிடிக்கிற மாதிரி தைப்பேன் என்று தையற்காரர் விளக்கினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரரும் ஒப்புக்குச் சிரித்து வைத்தார்.

ஒரு மணி நேரம் போனது. சட்டை சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. இடுப்பு விண்விண் என்று தெறித்தது. அப்போதுதான் ஒரு புத்தகம் நழுவி விழுந்து விரிந்தது.

குனிந்து எடுத்தவரின் கண்ணில் இரண்டு வரி பட்டது. கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை லிஃப்டில் மாட்டிக்கொண்டிருந்தான். கூடவே மாட்டிக்கொண்டிருந்தவன், பெண்ணை முன்பு காதலித்தவன்.

சரி, அந்தப் பத்தியை மட்டும் பார்த்துவிடலாம் என்று நினைத்தார்.

கையிலிருந்த மற்ற ஐந்தின் மேல் அதை வைத்துப் பக்கத்தைத் திருப்பினார். இன்னொன்றையும் திருப்பினார்.

அவருக்கு இந்தப் பக்கம் நர்ஸம்மாவின் கையில் புத்தகங்கள் மோவாய் வரைக்கும் ஏறிவிட்டன. அந்தப் பக்கம் தையற்காரர் தொடங்கி புதுக் கடை வரைக்கும் எல்லாரும் வெறுங்கையோடு நின்றார்கள். என்ன ஆச்சு என்ற கேள்வி வரிசையில் கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்தது. நடுவுல ஒருத்தர் படிக்கிறாராம் என்ற பதில் அதே வழியில் திரும்பிப் போனது.

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தக் கூட்டம் மன்னிக்கக்கூடிய காரணம் அது ஒன்றுதான்.

கடைசியில் கடைக்காரம்மாவே துடைக்கும் துணியும் கையுமாக வந்து அவர் முன்னால் நின்றார். அவரைப் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் பார்த்தார்.

"லிஃப்ட்டா? இன்னும் ரெண்டு பக்கத்துல கரண்ட் போயிடும், அதுக்கப்புறம்தான் விஷயமே இருக்கு," என்றார். ஒரு காகிதத் துண்டை அந்தப் பக்கத்தில் செருகிப் புத்தகத்தை மெல்ல வாங்கிக்கொண்டார். "புதுக் கடையில தனியா எடுத்து வெக்கிறேன். வந்து வாங்கிக்குங்க."

வெள்ளைச் சட்டைக்காரர் தலையை ஆட்டினார்.

கடைக்காரம்மா இடுப்பிலிருந்து ஒரு சாவிக் கொத்தை எடுத்தார். வெள்ளைச் சட்டைக்காரரின் கைகளில் மீதி ஐந்து புத்தகங்கள் இருந்ததால் அதை அவருடைய சட்டைப் பையில் போட்டார்.

"ஷட்டர் சாவி, பின்கதவுச் சாவி ரெண்டும் இருக்கு. உள்ள இன்னும் ரெண்டு அலமாரிதான் பாக்கி. முடிஞ்சதும் உங்க பில்டிங்க நீங்களே பூட்டிக்குங்க சார்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தையற்காரர் மருந்துக் கடையின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். நர்ஸம்மாவின் வாய் அன்று முதல் தடவையாக ஓய்ந்தது.

இப்போது அவர் போகலாம். வந்த காரியம் முடிந்துவிட்டது, சாவி பையில் கனத்தது. யாரும் பிடித்து வைக்கவில்லை. ஆனாலும் அவர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

வரிசை மறுபடி ஓடத் தொடங்கியது. முதலில் குழந்தைகளுக்கான மெல்லிய படப் புத்தகங்கள் வந்தன. நர்ஸம்மா அவற்றை அவருக்குக் குறுக்கே எட்டித் தையற்காரரிடம் கொடுத்தார்.

கடை காலியாகும் வரைக்கும் அவர் கைக்கு வந்ததெல்லாம் அகராதிகள்தான்.