பொம்மைக்கு இருமல் வராது

"குழாய உள்ள இடிச்சுட்ட. வெளிய எடு. மறுபடியும்!"

சசிகலா மேடத்தின் கரகரத்த குரல் கேட்டதும் காவேரி கையை இழுத்துக்கொண்டாள்.

பாப்பிரெட்டிப்பட்டி நர்ஸ் பயிற்சிக்கூடத்தில் அன்று மூன்று பேர்தான். மேசைக்குப் பின்னால் மேடம். கதவோரத்து பெஞ்சில் பென்னாகரத்து மாதப்பன். கட்டிலருகே நின்றபடி காவேரி. கட்டிலில் படுத்திருந்தது ஒரு பொம்மை. அதன் கழுத்தில் துளை, துளையில் மூச்சு விட ஒரு பிளாஸ்டிக் குழாய், அங்கிருந்து வென்டிலேட்டருக்கு ஒரு டியூப்.

மாதப்பனின் மனைவி முனியம்மாளுக்கும் கழுத்தில் அப்படித்தான். சேலத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். வீட்டோடு இருந்து கவனிக்க நர்ஸ் தயார் என்று மேடம் கையெழுத்துப் போட்ட கடிதம் போனால்தான் அவளை வீட்டுக்கு அனுப்புவார்கள். கடிதம் மேசைமேல் இருந்தது. காவேரி தேறினால் கையெழுத்து.

"சளி எடுக்கற குழாய் உள்ள போறப்ப உறிஞ்சக் கூடாது. வெளிய வர்றப்பதான். உன் மூச்சையும் புடிச்சுக்கோ. உனக்கு முட்டுனா அவங்களுக்கும் முட்டுதுன்னு அர்த்தம்."

காவேரி மூச்சைப் பிடித்துக்கொண்டு குழாயை விட்டு எடுத்தாள். மேடம் எழுந்து வந்து, திடீரென்று வென்டிலேட்டர் டியூப்பைக் கழற்றிவிட்டார். மெஷின் கத்தியது. காவேரி மெஷினிடம் பாய்ந்தாள்.

"கிணத்து மோட்டார் நின்னா ஸ்டார்ட்டர் பொட்டிகிட்ட ஓடற புத்தி! மெஷின் எங்க ஓடியா போயிரும்? மொதல்ல ஆளப் பாரு!"

"கடத்தூர்ல எங்க சோளக்காட்டுல அப்பிடியே பழகிருச்சுங்க மேடம்."

"இது காடு இல்ல. கழுத்து."

மறுபடி அலாரம் அடித்தபோது காவேரி பொம்மையின் முகத்தைப் பார்த்தாள், நெஞ்சைப் பார்த்தாள், கழன்ற டியூப்பைக் கண்டு மாட்டினாள். சத்தம் நின்றது.

மாதப்பன் பெருமூச்சு விட்டார். "பொம்மைக்கே இத்தனை திட்டுங்களா மேடம்? திட்டறதுல எங்க முனியம்மா உங்ககிட்டத் தோத்தா போங்க. ஹும்... அவ ஒரு வார்த்தை பேசி எவ்ளோ நாளாச்சு. இனிமே பேசவே மாட்டான்னு ஊருல சொல்றாங்க."

மேடம் கழுத்தோடு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். "மறுபடியும்," என்றார் காவேரியிடம்.

குழாய் உள்ளே போனது. வெளியே வந்தது.

"லேசா இடிச்சுட்ட."

காவேரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "பொம்மைக்கு இருமல் வருமா, வலிக்குமா மேடம்? இடிச்சதா இல்லையான்னு கழுத்துல குழாய் இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். நமக்கு எப்பிடித் தெரியும்?"

"அப்பிடிக் கேளு கண்ணு!" என்றார் மாதப்பன்.

மேடம் சிரித்தார். "சரி, பொம்மை போதும். கையக் கழுவிட்டு புது கிளவுஸ் போடு. புதுக் குழாயப் பிரி."

"யாருக்குங்க மேடம்?"

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். கழுத்தைச் சுற்றியிருந்த முந்தானையை விலக்கினார். தொண்டைக்குழியில், பொம்மைக்கு இருந்ததுபோலவே ஒரு குழாய். அதன் வாயில் சின்னதாக ஒரு மூடி.

"இந்த மூடி இருந்தாத்தான் எனக்குப் பேச்சு. இந்தக் கழுத்த நான் எல்லார் கைக்கும் குடுக்கறதில்ல காவேரி."

மூடியைக் கழற்றினார். அதுவரை ஓயாமல் திட்டிய குரல் அத்தோடு நின்றது.

காவேரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மேடத்தின் கண்ணையே பார்த்தபடி குழாயை விட்டாள், மெல்லச் சுழற்றி எடுத்தாள். ஒரே ஒரு இருமல். சளி வந்துவிட்டது.

மேடம் மூடியை மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். "இடிக்கல."

மாதப்பன் எழுந்து நின்றிருந்தார். "அப்ப... எங்க முனியம்மாவும்...?" தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"மூச்சு தேறட்டும், இதே மாதிரி மூடி போட்டு நல்லாத் திட்டுவாங்க. மொதல்ல வூட்டுக்குக் கூட்டிட்டு வாங்க," என்று மேடம் கடிதத்தை உறையில் போட்டு, பசை தடவி ஒட்டிக் கொடுத்து, சேலம் பஸ்ஸுக்கு அவரை அனுப்பிவைத்தார்.