இறக்கைக்குள் ஒரு துடிப்பு

"மிஸ், வால்வ மூடுங்க! இறக்கைக்குள்ள ஏதோ உசிரோட கிடக்கு!"

உதவியாளன் றிஸான் கத்திய கத்தலில் றொவீனா திடுக்கிட்டு வால்வை மூடினாள்.

"என்ன கதைக்கிறீங்க றிஸான்? எலி ஏதும் பூந்திட்டா?"

"எலி இப்பிடிச் சத்தம் போடாது மிஸ். பதிவாகியிருக்கு, வந்து கேளுங்க."

வந்தாறுமூலையில் வாவிப் பக்கமாக இருந்த பழைய நெல் ஸ்டோர் அது. அதற்குள்தான் காற்றை ஓடவிட்டு இறக்கையைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தைக் கட்டியிருந்தார்கள். தூரத்து மூலையில் பெரிய விசிறி; நடுவில் ஓர் ஆள் நீளத்துக்கு விமான இறக்கை. உள்ளே வெறும் கூடு. மேல் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள்.

இறக்கையை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப் படலம் வழுக்கிக்கொண்டு போனால் விமானத்துக்கு இழுவை குறையும், எண்ணெய் மிச்சமாகும். ஆனால் அந்தப் படலம் கொஞ்சத் தூரத்திலேயே களைத்துக் குழம்பிவிடும். களைத்த காற்றைத் துளைகளால் உறிஞ்சி எடுத்துவிட்டால் குழம்பாது. வால்வைத் திறந்தால் பம்ப் அதை உறிஞ்சத் தொடங்கும். றொவீனா ஆறு வருடமாக இதோடுதான் மல்லுக்கட்டுகிறாள். குழப்பத்தைக் காதாலேயே பிடித்துவிடலாம். இறக்கைக்குள் வைத்த மைக்கில் குழம்பிய காற்று இரையும். சீரான காற்று சத்தமே காட்டாது.

அன்று பகல்தான் முதல் தடவையாக அந்த இரைச்சல் அடியோடு அடங்கியது. அடங்கிய அமைதிக்குள் இருந்து அது வந்தது.

டுப்டுப், டுப்டுப், டுப்டுப். யாரோ அவசர அவசரமாக உள்ளிருந்து தட்டுவது போல.

"நாளைக்குக் கொழும்பால காசு தாற ஆக்கள் பாக்க வாறாங்க. இந்தச் சத்தத்தோட என்னெண்டு காட்டுற? ஸ்டோரப் பூட்டிட்டுப் போகச் சொல்லிருவாங்க" என்றாள் றொவீனா.

இருவருமாக மூடியைக் கழற்றி, டோர்ச் அடித்துப் பார்த்தார்கள். தூசு கூட இல்லை. பம்பை மாற்றினார்கள். கூரையில் சுழன்ற மின்விசிறியை, ஃபிரிட்ஜை, கடைசியில் சுவர்க் கடிகாரத்தைக் கூட நிறுத்தினார்கள்.

"நீங்க வால்வுக்குப் போங்க. நான் கேட்டுப் பாக்கிறன்" என்றாள் றொவீனா.

றிஸான் நெட்டையன். சுரங்கச் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இறக்கை முனைக்கு மேலால் கையை நீட்டி, நின்ற இடத்திலேயே வால்வைத் திறந்தான். றொவீனாவின் காதில் இரைச்சல் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போனது. ஐந்து நிமிடம் காத்திருந்தாள். சுத்தமான நிசப்தம்.

"போயிட்டு!" என்று சிரித்தாள். "கம்பி ஏதும் லூசா இருந்திருக்கும். இப்ப நீங்க கேளுங்க."

அவள் குட்டை. இறக்கை முனையில் வயிற்றை அண்டக் கொடுத்துச் சாய்ந்தால்தான் வால்வு எட்டும். சாய்ந்து திருப்பினாள். ஸ்பீக்கரில் இரைச்சல் அடங்கியது.

டுப்டுப், டுப்டுப், டுப்டுப்.

றிஸானின் முகம் வெளுத்தது. "மிஸ்... அது ஒங்களுக்கு மட்டுந்தான் வருது."

"விசர்க்கதை கதையாதீங்க."

சொன்னாளே தவிர, ஓரடி பின்வாங்கினாள். சத்தம் நின்றது. மெல்ல மறுபடி சாய்ந்தாள். உடனே வந்தது, அவளுக்காகவே காத்திருந்தது போல. அந்தப் பகல் வெக்கையிலும் அவளுடைய கைமயிர் சிலிர்த்தது.

"என்ட நெஞ்சு அடிக்கிறதுதான் கேக்குது போல" என்று தனக்குத்தானே தேறுதல் சொல்லிக்கொண்டு மணிக்கட்டைப் பிடித்து எண்ணினாள். "எண்பத்தெட்டு. பயத்தில கூடியிருக்கு."

றிஸான் கணினித் திரையில் அந்தச் சத்தம் வரைந்த கோட்டைப் பார்த்தான். துடிப்புகளை எண்ணினான்.

"இது நூற்றி நாற்பத்தெட்டு, மிஸ்."

"ஜேசுவே! இந்த ஸ்டோருக்குள்ள முந்தி ஆரும் செத்துக் கித்துப் போனதா?"

"தெரியா. ஆனா இது மனிசர்ர வேலையில்ல. தள்ளி வாங்க மிஸ்." அவன் வாய்க்குள் ஓதத் தொடங்கினான்.

தள்ளிப் போகத்தான் வேண்டும் என்று அவளுக்கும் தெரிந்தது. ஆனால் என்னவோ, அசைய மனம் வரவில்லை. இந்தத் தகட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள். தான் விலகினால் அவர்கள் தனித்துப் போவார்கள் என்று பட்டது. அந்த நினைப்புத்தான் துடிப்பை விட அவளை அதிகம் பயமுறுத்தியது.

திடீரென்று றிஸானின் போன் அலறியது. எடுத்த அவசரத்தில் விரல் ஸ்பீக்கர் பொத்தானில் பட்டு, அவன் மனைவி இனாயாவின் குரல் ஸ்டோர் முழுக்கக் கேட்டது.

"சாப்பிட வரல்லியா? எனக்கு ரெண்டு மணிக்கு டியூட்டி, தெரியுந்தானே? ...பொறுங்க, பின்னால என்ன சத்தம் அது? ஆஸ்பத்திரியிலயா நிக்கிறீங்க?"

"இல்ல இனாயா, வேலையிலதான். ஏன்?"

"பொய் சொல்லாதீங்க. மிட்வைஃபுக்கே கதை விடுறீங்களா? லேபர் றூமில நாள் முழுக்க இதத்தானே நான் கேட்டுக்கிட்டு இருக்கன்! மாஷா அல்லாஹ், நல்ல துடிப்பு. வயித்துக்குள்ள புள்ள சுகமா இருக்கு." இனாயா சிரித்தாள். "ஆரு அங்க புள்ளத்தாச்சி?"

றிஸான் மெல்ல றொவீனாவின் பக்கம் திரும்பினான். மாதவிலக்கு நின்று ஐந்து மாதமாகியும், நாற்பத்தாறு வயதாகிவிட்டது, இனி இப்படித்தான் என்று கணவனுக்குக் கூடச் சொல்லாமல் இருந்த றொவீனா, இறக்கையில் சாய்ந்திருந்த வயிற்றை எடுக்கப் பயந்து அப்படியே நின்றாள்.