மார்பளவு தண்ணீரில் ஒரு தளபதி

"அதோ, ஊசியில நூல் கோக்குறா பாருங்க, அவதான் குற்றவாளி!"

புலவர் மணவாளன் கை நீட்டிய திசையில் தனம் திடுக்கிட்டு எழுந்தாள். சிதம்பரம் கீழவீதியில் ரவிக்கை தைக்கிறவள். புலவருக்குப் பின்னால், கடலூர்ப் பாராட்டு விழாவில் போர்த்திய பொன்னாடையைக்கூடக் கழற்றாமல், மெட்ராஸ் எழுத்தாளர் மேகவேந்தன் மூச்சிரைக்கப் படியேறிக்கொண்டிருந்தார்.

தனம் செய்த குற்றம் இதுதான். மேகவேந்தன் வாரப் பத்திரிகையில் எழுதிவந்த சரித்திரத் தொடர்கதைக்கு, அடுத்து என்ன நடக்கும் என்று தானாகவே கற்பனை செய்து நோட்டு நோட்டாக எழுதினாள்.

முதல் நோட்டில் சோழத் தளபதி கைக்கடிகாரத்தில் மணி பார்த்தான், வீதியே சிரித்தது. அஞ்சாவது நோட்டில் தாயைப் பிரிந்தான். பரங்கிப்பேட்டைக்கு இரவல் போன நோட்டு கருவாட்டு வாசனையோடும் கண்ணீர்க் கறையோடும் திரும்பியது. இப்போதெல்லாம் ரவிக்கை ஒரு மாசம் தாமதமானாலும் எவளும் சண்டைக்கு வருவதில்லை. "ஆறாவது நோட்டு யாருகிட்ட இருக்கு?" என்றுதான் கேட்கிறார்கள்.

புலவருக்குப் பொறுக்குமா? அவருடைய 'தில்லை வெண்பா ஐந்நூறு' ஒரு முன்னுரைக்காக எட்டு வருஷமாய்ப் பரணில் கிடக்கிறது. ஒரு துரோகியைப் பிடித்துக் கொடுத்தால் பெரிய எழுத்தாளர் நாலு வரி எழுதித் தராமலா போவார்?

மூன்று கடிதம் போட்டார். பதில் இல்லை. நாலாவதில், "தளபதியைத் தாங்கள் பாதாளச் சிறையில் தள்ளி, முழங்கால், இடுப்பு, மார்பு என்று மூன்று வாரமாகக் காவிய நிதானத்தோடு தண்ணீரை ஏற்றிக்கொண்டிருக்க, இவள் அவனை வெளியிலேயே கொண்டுவந்துவிட்டாள்" என்று எழுதினார். மறுநாளே தந்தி பறந்து வந்தது: 'ஞாயிறு வருகிறேன். நோட்டு பத்திரம்.'

"சாட்சிப் பொருள்! கேசு போடப் போறாரு. உனக்கு ஜெயிலுதான்!" என்று புலவர் அன்றைக்கே வந்து தனத்திடம் சொல்லிவிட்டுப் போனார். நல்ல செய்தியை நாள் கடத்துவது அவருக்குப் பழக்கமில்லை.

"நோட்டு எங்கம்மா?" மேகவேந்தனின் குரல் நடுங்கியது. எவ்வளவு கோபம் என்று, பரணிலிருந்து இறக்கிவந்த வெண்பாக் காகிதக் கட்டை அக்குளில் இடுக்கியபடி புலவர் பூரித்தார்.

தனம் அஞ்சு நோட்டை எடுத்து வைத்தாள். அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இதெல்லாம் வேணாம். சிறை வருதே, அந்த நோட்டு."

"அது இல்லீங்க. ஜெயிலுன்னு புலவரய்யா சொன்னாரு. பயந்துபோயி அடுப்புல வெச்சிட்டேன்."

மேகவேந்தன் முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"பாத்தீங்களா, சாட்சியையே கொளுத்திட்டா!" புலவர் குதித்தார். "அடுத்தவன் பெத்த புள்ளைக்குத் தலை சீவிப் பொட்டு வெக்கிறவ, இதுவும் செய்வா, இன்னமும் செய்வா!"

தனத்துக்குப் பயம் போய் ரோஷம் வந்துவிட்டது. "பெத்தவரு மூணு வாரமா அவனைத் தண்ணியில இல்ல நிக்க வெச்சிருக்காரு? ஜன்னி கண்டு செத்துப்போவானேன்னு தூக்கி வெளிய உட்டேன். அது ஒரு குத்தமாய்யா?"

மேகவேந்தன் எழுந்து போய் வாசலை எட்டிப் பார்த்தார். கதவை ஒருக்களித்துச் சாத்தினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திருகினார். பிறகு, புலவரின் அக்குளில் இருந்த வெண்பாக் கட்டை நோக்கிக் கை நீட்டினார்.

எட்டு வருஷம்! புலவருக்குக் கண் பனித்தது. இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார்.

மேகவேந்தன் கட்டைப் பிரித்து, மொத்தமாகக் குப்புறத் திருப்பி, எழுதாத பின்பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லும்மா... அவன் எப்படி வெளிய வந்தான்?"