காதுக்குள் மழை

"கட்டுரை முடியற வரைக்கும் என்னை யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது," என்றார் எழுத்தாளர்.

கவனம் சிதறாமல் இருக்கக் கம்ப்யூட்டரிலேயே இருக்கிற வசதிகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். திரை கறுப்பு வெள்ளையானது. போனும் வாயடைத்தது. ஹெட்போனில் மழைச் சத்தம் கொட்டியது. அவர் எழுதுவதைக் கம்ப்யூட்டரே வாசித்தும் காட்டியது.

"இன்டர்வியூக்குக் கிளம்பறேன். வாழ்த்தாவது சொல்லுங்களேன்," என்றாள் மனைவி. அவர் கையை மட்டும் ஆட்டினார்.

பாதி வழியில்தான் சான்றிதழ் ஃபைலை மறந்தது தெரிந்தது. அவள் திரும்பி ஓடி வருவதற்குள் நிஜ மழையே பிடித்துக்கொண்டது. சாவியும் உள்ளே. மணி அடித்தாள், போன் போட்டாள், கை வலிக்கக் கதவைத் தட்டினாள்.

"உள்ளே யாரும் இல்லையா?" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

"இருக்காருக்கா. அவர் காதுக்குள்ள மழை பெய்யுது."

இன்டர்வியூ நேரம் தாண்டிய பிறகு தண்ணீர் குடிக்க எழுந்தவர், ஜன்னலில் அவளைப் பார்த்துவிட்டு ஓடி வந்து கதவைத் திறந்தார்.

"ஐயையோ, இப்படி நனைஞ்சுட்டியே! ஒரு குரல் கொடுக்கக் கூடாதா?"

அவர் எழுந்த வேகத்தில் ஹெட்போன் வயர் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டிருந்தது. கம்ப்யூட்டர் தெருவுக்கே கேட்கும்படி வாசித்தது:

"மனைவி பேச்சைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி? முதல் வழி: கையில் இருக்கும் வேலையை ஓரமாக வையுங்கள்."