உள்ளே வராத பந்து

“என்ரை மண்டையைப் பார்த்து எறியடா!”

மட்டையோடு அடிக்க நின்ற இக்னேசியஸ் தலைக்கவசத்தைக் கழற்றி மண்ணில் வீசினார். பிரவீனன் ஓடிவந்து அதை எடுத்துத் தூசி தட்டி நீட்டினான். “இதைப் போடுங்கோ, அங்கிள்.”

பதிலுக்கு விழுந்த அறையில் அவனுடைய உதடு கிழிந்தது.

மல்வேர்ன் பேஸ்போல் மைதானத்தில் அன்று மூன்றே பேர்தான் நின்றார்கள். கழகங்கள் கைவிட்ட பந்துவீச்சாளர்களுக்குள் நல்லவர்களைத் தேடிப் பிடிப்பது இக்னேசியஸின் வேலை. பக்கத்து நகரமான ஒஷாவாவின் சிறிய கழகம் ஒன்றுக்காக 1996 வசந்தத்தில் அவர் வைத்திருந்த பட்டியலில் நாற்பது பெயர்கள் இருந்தன. அவராகவே தொலைபேசியில் கூப்பிட்டது பிரவீனனை மட்டும்தான்.

“கை வைக்காதேங்கோ, அண்ணை!” கூட வந்த தாய்மாமன் நவரட்ணம் குறுக்கே பாய்ந்தார். “போன கோடையிலை இவன்ரை பந்து பட்டு ஒரு பெடியனுக்குக் கண் போச்சுது. அதுக்குப் பிறகு அடிக்கிற ஆளுக்குக் கிட்ட எறியவே மாட்டான். எல்லாம் வெளியாலை. அதாலைதான் கழட்டி விட்டவங்கள். இண்டைக்கும் சரிவராட்டி பந்தையே தொடமாட்டன் எண்டு நிக்கிறான்.”

“இடது கண். தெரியும்,” என்றார் இக்னேசியஸ். “எறியடா!”

பந்து சீறிக்கொண்டு வந்தது. மட்டைக்கு எட்டாத தூரத்தில் விலகிப் போய்ப் பின்னாலிருந்த பலகையில் மோதியது. அடுத்ததும் அப்படியே.

இக்னேசியஸ் நடந்துவந்தார். மட்டை பிரவீனனின் பந்தெறியாத தோளில் இறங்கியது. முழங்காலில் விழுந்தவனின் விலாவில் ஒரு உதை.

“பயந்தாங்கொள்ளி! கொம்மாட்டைப் போய்ப் பால் குடி!”

நவரட்ணம் கல்லொன்றைத் தூக்கினார். பிரவீனன் அவருடைய காலைக் கட்டிப் பிடித்தான். “விடுங்கோ, மாமா.”

“உனக்கென்ன விசரே? உவர் உன்னைக் கொல்லப்போறார்!”

“எறிஞ்சு முடிக்கிறன், மாமா.”

உதட்டைத் துடைத்த கையாலேயே இன்னும் ஏழு பந்துகள் எறிந்தான். ஒவ்வொன்றிலும் அவனுடைய இரத்தம் ஒட்டியிருந்தது. ஒன்றுகூட இக்னேசியஸின் பக்கம் வரவில்லை.

இக்னேசியஸ் பலகையடிக்குப் போனார். ஒன்பது பந்துகளின் தடமும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கியிருந்தது. அதைத் தடவிப் பார்த்தவர், மட்டையைக் கீழே போட்டார்.

“குறி தெரியாதவன் எண்டு எழுதி வைச்சிருக்கிறாங்கள், மடையங்கள். நாற்பது பேருக்குள்ளையும் இவனைப்போல ஒருத்தன் இல்லை.”

காரின் முன்பக்கத்தில் ஒப்பந்தத்தை விரித்தார். பிரவீனன் கையெழுத்திட்டான். தாளில் விழுந்த இரத்தத் துளியைச் சட்டைக் கையால் ஒற்றி எடுத்தான்.

“இவ்வளவு அடிச்சன்,” என்றார் இக்னேசியஸ் தாழ்ந்த குரலில். “கோபத்திலையாவது ஒண்டை என்ரை தலைக்கு எறிஞ்சிருக்கலாம். ஏனடா எறியேல்லை?”

பிரவீனன் முதல்முறையாக அவருடைய முகத்தை நேரே பார்த்தான்.

“ஆஸ்பத்திரியிலை அந்தப் பெடியன்ரை கட்டிலடியிலை உங்களைக் கண்டனான், அங்கிள். ஒரு வீட்டிலை ரெண்டு பேருக்கு எப்பிடி அடிக்கிறது?”