அஸீம் கடை ஜெனரேற்றர்

"அஸீம் கடைக்குள்ள ஜெனரேற்றர் ஓடுது. எனக்குக் கதவு திறக்கமாட்டாராம்," என்று அழுதாள் அன்னப்பிள்ளை.

யோகமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் முழுக்கக் கரண்ட் இல்லாத நேரம். அவளையும் கூட்டிக்கொண்டு, ஓர்ஸ் ஹில் மேட்டிலிருந்த தன் அலுவலகத்திலிருந்து விறுவிறென்று இறங்கினாள்.

அது 2006. சண்டைக்குப் பயந்து வெருகல் பக்கமிருந்து ஓடிய சனம் எந்த முகாமில் இருக்கிறது என்று பெயரடித்துத் தேட, யோகமலர் ஒரு இணையத்தளம் செய்திருந்தாள்.

செய்தது லேசு. அதை விழாமல் ஓடவிட ஓரிடம் பிடிப்பதுதான் பெரும்பாடு. அலுவலகக் கொம்பியூட்டரில் வைத்தாள். கரண்ட் போகிற நேரமெல்லாம் தளமும் போனது. வெளிநாட்டில் இலவசமாக இடம் தரும் ஒரு கம்பனியில் வைத்தாள். பார்க்கிற ஆட்கள் கூடிவிட்டதென்று இரண்டாம் நாளே மூடிவிட்டார்கள். நிற்கிறதா, விழுந்துவிட்டதா என்று பார்த்துப் பார்த்தே அவளுக்கு நித்திரை கெட்டது.

கடைசியில், துறைமுகத்தடியில் இன்ரநெற் கடை வைத்திருந்த அஸீம்தான், "உங்கட கொம்பியூட்டரை இங்க ஒரு மூலையில வெச்சிட்டுப் போங்க," என்றார். பதினொரு நாளாகத் தளம் விழவில்லை.

அதுக்காக, மகனைத் தேடி வந்த தாயைத் துரத்தலாமா?

கதவைத் தட்டினாள்.

"கடை பூட்டு," என்றது உள்ளேயிருந்து அஸீமின் குரல்.

"நான் யோகமலர். திறவுங்கோ. உங்களுக்கு மட்டும் கரண்ட் இருக்கு, இந்த அம்மாவுக்கு இல்லையோ?"

கதவு திறந்தது.

உள்ளே இருட்டு. காற்றாடிகூட ஓடவில்லை. ஆறு கொம்பியூட்டர் இருந்த கடையில் அவள் கொண்டுவந்து வைத்த ஒன்று மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

"டீசல் கிடைக்குதில்ல தங்கச்சி," என்றார் அஸீம். "ஒராளுக்குத் திறந்தா எல்லாரும் வருவாங்க. எல்லாத்தையும் போட்டா நாளைக்கே முடிஞ்சிரும். நாலு நாளா உங்கட இது மட்டுந்தான் ஓடுது."

யோகமலர் மெல்லக் கதிரையில் இருந்து, அன்னப்பிள்ளை சொன்ன பெயரை அடித்தாள். கதிராமன், வெருகல்.

இருந்தான். ஒரு பள்ளிக்கூட முகாமில், தேத்தண்ணிக் கடைக்காரக் குடும்பமொன்றோடு.

அன்னப்பிள்ளை கதிரையைப் பிடித்தபடி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

யோகமலர் திரும்பத் திரையைப் பார்த்தாள். பெயரடிக்கும் கட்டத்துக்குக் கீழே, முன்பு யாரோ தேடிய பெயரொன்று நின்றது. உம்மு குல்சும், தோப்பூர்.

"இது ஆர்?"

"எங்கட உம்மா, பெத்த தாய். கந்தளாய்ப் பக்கம் போன சனத்தோட போனதாக் கதை. ரெண்டு மாசமாச்சு."

கந்தளாய் முகாம் ஒன்றைக்கூட யோகமலர் சேர்க்கவில்லை. தன்னுடைய ஊர்ச் சனத்தைத்தான் தேடித் தேடிப் பதிந்திருந்தாள்.

"அஸீம் நானா, இதில கந்தளாய்..."

"இல்லையெண்டு முதல் நாளே தெரியும் தங்கச்சி," என்று சொல்லிக்கொண்டே, மிச்சமிருந்த ஒரேயொரு டீசல் கானைத் தூக்கிக்கொண்டு ஜெனரேற்றரடிக்குப் போனார் அஸீம்.