துறவி நண்டின் அக்கறை

கடல்நீர் நிரப்பிய ஒரு கண்ணாடித் தொட்டியில், பவளங்களுக்கு நடுவே ஒரு நத்தை வாழ்ந்தது. பக்கத்துப் பாறையில் ஒரு துறவி நண்டு இருந்தது. பெயர்தான் துறவி, செத்துப்போன நத்தையின் ஓட்டுக்குள்தான் அது குடியிருக்கும். இப்போது அந்த ஓடு அதற்கு இறுக்கமாகிவிட்டது.

தினமும் காலையில் நண்டு நத்தையிடம் வந்து, "உடம்பு எப்படி இருக்கு அக்கா?" என்று விசாரிக்கும்.

"நல்லாத்தான் இருக்கேன் தம்பி" என்று நத்தை சொன்னால், நண்டின் முகம் கொஞ்சம் வாடும்.

ஒருநாள் கண்ணாடியில் பாசி மேய்ந்துகொண்டிருந்த நத்தை, பிடி நழுவி மணலில் மல்லாந்து விழுந்தது. எவ்வளவு முயன்றும் அதனால் புரள முடியவில்லை. அப்படியே கிடந்தால் உயிர் போய்விடும்.

நண்டு ஓடோடி வந்தது. "பதறாதீங்க அக்கா" என்றபடி கொடுக்கை நீட்டி, நத்தை ஓட்டின் வாயை இப்படியும் அப்படியும் அளந்து பார்த்தது. பிறகு பெருமூச்சு விட்டது. தன் ஓட்டைவிட இது சிறியது.

நத்தையை மெல்லப் புரட்டி நிமிர்த்திவிட்டு, "ரொம்ப இளைச்சுட்டீங்க. நல்லாச் சாப்பிட்டுச் சீக்கிரம் பெருசாகணும்" என்றது. மறுநாளிலிருந்து நல்ல பாசியாகப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தது.

"உன்னை மாதிரி யாருப்பா கவனிப்பாங்க" என்று நத்தை வாங்கிக்கொள்ளும். நண்டு அந்தப் பக்கம் போனதும், பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியைத் தொட்டியிலிருந்த இறால்களுக்குக் கொடுத்துவிடும்.